மழை தேசத்து வெடிக்காரர்கள்

சிவகாசியில் தேநீர்க் கடை வாசலிலும், சங்கக் கூட்டத்து மேடையிலும், லேபிள் ப்ரூஃப் திருத்துவதற்காக என் அச்சகத்துக்கு வந்து அமருகின்றவர்களின் பேச்சிலும், பல ஆண்டுகளாக ஓர் அபிப்பிராயம் ஊர்ப் பொதுச் சொத்தைப் போல் கைமாறிக்கொண்டிருக்கிறது. சீனாக்காரன் நம் ஜன்ம விரோதி. அவன் செய்கிற பட்டாசு விஷம். அவனுக்கு மலிவாகக் கொட்டத் தெரியுமேயன்றித் தொழில் தெரியாது. நம்முடைய வறண்ட வெயிலும் கரிசல் காற்றும் இருக்கிறவரையில் உலகில் வேறெவனாலும் நம்மைப்போல் வெடி செய்ய முடியாது. ஆகையால் அவனிடம் நாம் கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். என் உறவினரும், என் வாடிக்கையாளரும், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவருமே அவர்கள். நானும் நடுத்தர வயதுவரையில் இதை ஐயமின்றி நம்பியவன்தான். ஆயினும் அந்தத் தேசத்தின் வெடிக்காரர்களை அவர்கள் ஊரிலேயே கண்ணால் கண்டு திரும்பியவன் என்ற உரிமையில், இந்த அபிப்பிராயம் அடிப்படையிலேயே பிழையானது என்றும், சீனருக்கு இதனால் நஷ்டம் ஏதுமில்லை, நமக்கே நஷ்டம் என்றும் எழுத வேண்டியது என் கடமையாகிறது.

அதில் உண்மையுள்ள பாகத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலந்த மருந்து சிறு உராய்வுக்கும் தீப்பற்றும் என்பதனால், 1992-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அந்தக் கலவையைச் செய்யவும், வைத்திருக்கவும், இறக்குமதி செய்யவும் தடை விதித்தது. அந்தத் தடைக்கு நாம் கட்டுப்பட்டு, வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், மாவட்ட வருவாய் அலுவலரின் (டி.ஆர்.ஓ.) உரிமம் என்று வாசல் வாசலாக நின்று தொழில் நடத்திக்கொண்டிருக்கையில், விளையாட்டுச் சாமான் என்று பொய்ப்பெயர் எழுதிய கன்டெய்னர்களில் சீனப் பட்டாசு துறைமுகங்களில் வந்திறங்கி, வடநாட்டுச் சந்தைகளில் நம் சரக்கைவிட மலிவாக விற்பனையாயிற்று. சட்டத்துக்கு அடங்கி நடந்தவன் நஷ்டப்பட, அடங்காதவன் லாபம் சம்பாதித்த அந்த அநியாயத்தைக் கண்டு சிவகாசி கொதித்ததில் தவறேயில்லை. ஆனால் அந்தக் கன்டெய்னரை வரவழைத்தவன் யார்? எவ்வளவு மலிவாகச் செய்து தரமுடியும் என்று விலை பேசியவனும், சீட்டில் வேறு பெயர் எழுதச் சொன்னவனும், இங்கே கிட்டங்கியில் இறக்கி விற்றவனும் நம் தேசத்து வியாபாரியே. கள்ளச் சரக்குக் கொண்டுவந்தவனின் குற்றத்தை எடுத்து, அந்தச் சரக்கைச் செய்த ஒரு பெரிய ஜன சமூகத்தின் குணமாக எழுதிவைப்பது, கலப்பட எண்ணெய் விற்ற ஒரு கடைக்காரனைக் கண்டு விருதுநகர்ப் பேட்டை முழுவதையும் பழிப்பதற்குச் சமானம்.

கொரோனாவுக்கு முந்தைய ஓர் ஆண்டில், வைகாசி பிறந்த சமயத்தில், எங்கள் பகுதியிலிருந்து சிலர் சீன தேசத்து ஹூனான் மாகாணத்தில் உள்ள லியூயாங் என்ற ஊருக்குப் புறப்பட்டோம். உலகத்தில் ஏற்றுமதியாகும் வாணங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து செல்வது. அதற்கு உலைக்களமாக விளங்குவது ஹூனானில் லியூயாங், லிலிங் என்ற இரண்டு ஊர்களும், அடுத்துள்ள ஜியாங்சி மாகாணத்தில் ஷாங்லி, வான்சாய் என்ற இரண்டு வட்டாரங்களும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் என்று நாம் விரல்விட்டு எண்ணுவதைப் போலவே அவர்களும் அந்த நான்கையும் எண்ணுகிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர், "தம்பி, சீனாக்காரன்கிட்டப் போயி என்னத்தக் கத்துக்கப் போற? அங்க வெயிலும் கெடையாது, சோறும் கெடையாது" என்று சொல்லியனுப்பினார். எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போர்மேனாக இருப்பவர். மருந்தை விரலால் தொட்டே ஈரம் சொல்லக்கூடியவர். அவர் வீட்டில் சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோவும் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே தின்னத் தகுந்தது ஒன்றும் கிடைக்காது என்பதில் எங்களில் எவருக்கும் சந்தேகமில்லை.

சாங்ஷா நகரத்து விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகச் சென்ற அந்தப் பிரயாணம் முழுவதும் மழை. சாலையின் இருமருங்கும் நீர் நிறைந்த நெல் வயல்கள். அவற்றுக்குப் பின்னால் மூங்கிலும் ஊசியிலை மரங்களும் அடர்ந்த குன்றுகள். குன்றுகளின் மேல் தவழும் மேகம். கண்மாயில் நீர் நின்றாலே அதிசயமாகப் பார்க்கும் பூமியிலிருந்து வந்த எங்களுக்கு, அந்தப் பசுமை மனத்தைக் குளிர்வித்ததோடு ஒரு திகைப்பையும் உண்டாக்கிற்று. போர்மேன் ஜன்னலோரமாகச் சாய்ந்து வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த ஈரத்துல மருந்து எப்படிக் காயும்? வழி தப்பி வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறானா?" என்று மெல்லக் கேட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்குள் சிவகாசியின் வேதாந்தம் முழுவதும் அடங்கியிருந்தது. மழை இல்லாததனாலும், காற்றில் ஈரம் இல்லாததனாலும், வேறு பிழைப்பு இல்லாததனாலுமே நமக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வாய்த்தன என்று பாடப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரையில் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இங்கேயோ, நம் மாவட்டத்தில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மழை பெய்யும் தேசத்தில், அதுவும் மழைக்காலத்தின் நடுவில், உலகத்துக்கெல்லாம் வாணம் செய்து அனுப்புகிற ஊர் இருந்தது.

மறுநாள் அந்தப் புதிர் விடுபட்டது. குன்றுச் சரிவில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், மரங்களின் மறைவில், சிறு சிறு அறைகளாகக் கட்டப்பட்ட ஒரு தொழிற்சாலை. அறைக்கும் அறைக்கும் இடையே நாம் சுவர் எழுப்புகிற இடத்தில் அவர்கள் குன்றையே சுவராகக் கொண்டிருந்தார்கள். மருந்து செலுத்தும் இயந்திரம் கெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம். அதை இயக்குகின்றவர் இந்தப் பக்கம் ஒரு திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். எங்களை மருந்துள்ள அறைகளுக்குள் விடவில்லை, அது சரியே. காகிதக் குழல்கள் மட்டும் உலரும் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். வெளியே மழை ஓட்டுக்கூரையில் இரைந்துகொண்டிருக்க, கதவு திறந்ததும் உள்ளிருந்து வெளிப்பட்ட உலர்ந்த வெப்பம் எங்கள் முகத்தில் அடித்தது. வைகாசி மத்தியானத்தில் சாத்தூர்ச் சாலையில் நடக்கிறவன் முகத்தில் அடிக்கிற காற்றின் வறட்சியும் சூடும் அதில் அப்படியே இருந்தன. வெந்நீர்க் குழாய்கள் சுவரோரமாக ஓடின, வாசலில் வெப்பமானி, அதன் பக்கத்தில் மணிக்கு மணி எழுதிவைத்த அட்டவணை. நமக்கு ஆகாயம் இலவசமாகக் கொடுத்த வெயிலை அவர்கள் ஒரு சிறு அறைக்குள் தாமே உண்டாக்கி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். போர்மேன் அந்த அட்டவணையின் முன் சிறிது நேரம் கைகட்டி நின்றார். அதிலிருந்த எழுத்து அவருக்குத் தெரியாது, எண்கள் தெரிந்தன.

வெயில்தான் தொழிலைத் தந்தது என்ற கொள்கை அந்த வாசலிலேயே எனக்கு உதிர்ந்து போயிற்று. அது உதிர வேண்டிய கொள்கையும் ஆகும். வெயிலும் வறட்சியும் ஒரு தொழிலை உண்டாக்கிவிடும் என்றால், முதுகுளத்தூரும் அனந்தப்பூரும் ராஜஸ்தானத்து மணற்காடும் அல்லவா பட்டாசு செய்து கொழித்திருக்க வேண்டும்? சிவகாசிக்குத் தொழில் வந்தது ஒரு பிரயாணத்தினால். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள், அன்றைய நிலையில் நமக்கு அயல்தேசமே ஆகிய கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். பாஷை வேறு, உணவு வேறு, சீதோஷ்ணம் வேறு. வங்காளமோ ஈரம் வற்றாத பூமி. தீப்பெட்டி செய்யும் வித்தையைப் பூரணச் சந்திர ராய் என்ற வங்காளியிடம் அவர்கள் பணிந்து கற்றார்கள். கல்கத்தாவுக்கு அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1910-ஐ ஒட்டி அங்கே குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் சிறு இயந்திரங்களை வைத்துத் தீப்பெட்டி செய்ததைப் பார்த்தே உள்ளூரார் கற்றிருந்தனர். இருவரும் 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்க, அதன் பின்னே லேபிள் அச்சடிப்பும், பின்னர் பட்டாசும் வந்து, நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் குட்டி ஜப்பான் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. ஜப்பானியன் கையிலிருந்து வங்காளி கைக்கும், வங்காளி கையிலிருந்து நம் கைக்கும் வந்த நெருப்பை வைத்து நூறு ஆண்டு பிழைத்த ஓர் ஊர், அயலானிடம் கற்க ஒன்றுமில்லை என்று பேசலாமா? அந்த இரண்டு வாலிபர்களின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, அவர்கள் செய்த காரியத்தைச் செய்ய மறுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வெடி என்ற பொருளே எங்கே பிறந்தது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். நம் பாஷை மறக்கவில்லை. சிறு வெடிகளைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி நம் பாட்டனார் வாங்கி வந்ததைச் சீனவெடி என்றே தமிழர் வழங்கினார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அது தேய்ந்து சீனிவெடியாயிற்று. சமையற்கட்டில் சீனி, வாணலியானால் சீனச்சட்டி, படிகாரத்துக்குச் சீனக்காரம். நல்ல பொருள் ஒன்றைக் கண்டால் அது வந்த தேசத்தின் பெயரைச் சேர்த்தே சொல்லிவந்த ஜனங்கள் நாம். லியூயாங் வட்டாரத்தில் லீ தியான் என்ற ஒருவரைத் தொழிலின் மூலபுருஷராகக் கும்பிடுகிறார்கள். தாங் வமிசத்து அரசர் காலத்தில், மலைப் பிசாசுகளையும் நோய்க் காற்றையும் துரத்துவதற்காக மூங்கிற் கணுவுக்குள் மருந்தை அடைத்து வெடிக்கச் செய்தவர் அவர் என்பது ஐதிகம். வெடிக்கு இன்றும் அவர்கள் பாஷையில் வெடிக்கும் மூங்கில் என்றே பெயர். சித்திரை வைகாசியை ஒட்டி வரும் அவர்களுடைய நான்காம் மாதத்துப் பதினெட்டாம் நாள் அவருக்குரிய விசேஷ தினம். ஆயுத பூஜையன்று நம் பட்டறைகளில் கருவிகளுக்குச் சந்தனம் வைப்பதைப் பார்த்தவனுக்கு, தொழிலைத் தொடங்கிவைத்தவனை வருஷத்துக்கு ஒருநாள் நினைத்துக் கும்பிடுகிற அந்த மனம் அந்நியமாகத் தோன்றாது.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மவர் முதலில் கேட்பது அதுதான். ஹூனான் மிளகாய் தேசம். வீட்டுத் திண்ணையில் மிளகாய் வத்தல் காய்கிறது. தட்டில் வருவது சோறு. அதன்மேல் ஆவியில் வேகவைத்த கிண்ணம் கிண்ணமான பதார்த்தங்களில் காய்ந்த மிளகாயும் புளிக்கவைத்த கறுப்புச் சோயா மொச்சையும் மணக்கின்றன. வத்தல் மண்டிகளின் நெடியிலேயே வளர்ந்த விருதுநகர்க்காரர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். முதல் கவளத்திலேயே அவருக்குக் கண்ணில் நீர் வந்து, இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் சமுத்திரம் கடந்து வந்த பொருளே. இரண்டு ஊர்களும் அதைத் தாய்வீட்டுப் பொருளாக ஆக்கிக்கொண்டன. புளிக்காய்ச்சல் பாட்டில் திறக்கப்படாமலேயே ஊர் திரும்பியது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நிலைத்தது ஒரு கை. காகிதக் குழல் உருட்டும் கொட்டகையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், இயந்திரத்தில் வந்து விழும் குழல்களை அறுகோணமாகக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். விரலின் வேகத்தைப் பார்த்தபோது, திருத்தங்கல்லில் என் அத்தை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திரி முறுக்கியது நினைவுக்கு வந்தது. போர்மேன் ஒரு குழலை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் அதன் வாயைச் சுண்டி இறுக்கம் பார்த்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற சோதனைதான் அது. அந்த அம்மாள் நிமிர்ந்து, அவர் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணை உற்றுப் பார்த்தார். அலுமினியப் பவுடர் கையில் ஏறிய வெள்ளிச் சாம்பல் நிறம் ரேகையோரங்களில் இருந்தது. அவர் தம் கையையும் அருகில் நீட்டிக் காட்டினார். அதே நிறம், அதே இடங்களில். அவர் சொன்னதை மொழிபெயர்த்த பெண், "உங்கள் ஊரிலும் இது போகவே போகாதா என்று கேட்கிறார்" என்றாள். போர்மேன் தமிழிலேயே அவருக்கு நேராகப் பதில் சொன்னார்: "போகாது தாயி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாலும் போகாது." அந்த அம்மாள் தலையசைத்தார். இருவரும் சிறிது நேரம் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குத் தொழில் தெரியாது என்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? அச்சுக்காரனாகிய நான் முதலில் பார்ப்பது லேபிளை. லியூயாங்கில் பழைய சிவப்பு லேபிள்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்த ஒரு சுவரின் முன் நான் நெடுநேரம் நின்றேன். கடல் கடந்த வாடிக்கையாளருக்காக ஆங்கில எழுத்தோடு அச்சடித்த புலிகளும் பூனைகளும் வரிக்குதிரைகளும் அங்கே இருந்தன. ஒன்றில் சிவப்பு மயிரிழை விலகிப் புலியின் மீசைக்கு வெளியே கசிந்திருந்தது. அந்த ரெஜிஸ்டர் பிழையைக் கண்டதும், லித்தோக் காலத்தில் நம் லேபிள்களின் அணிலுக்கும் காக்கைக்கும் வர்ணம் கூட்டிய பெரியவர்களின் கைகளையே அங்கும் கண்டேன். கலையைச் சொல்வதானால், 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க இரவில் வானத்தில் 29 காலடிகள் நடந்து வருவதுபோல் வாணத்தால் வரைந்தவர் சாய் குவோ-சியாங் என்ற கலைஞர். அவர் பிறந்த ஊர் சுவான்சோ. அந்தத் துறைமுகத்தில்தான் 1281-ஆம் ஆண்டில் நம் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் வைத்து, தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்கள். அதற்கும் முன்னமே, 1015-இல், சோழ தூதர்கள் சீன அரசவையில் போய் நின்றிருக்கிறார்கள். ஜன்ம விரோதம் என்று நாம் சொல்வது உண்மையில் 1962-க்குப் பின் வந்த விரோதம். எல்லையில் இரண்டு அரசுகளுக்கும் உள்ள வழக்கு மெய்யானது. நம் வீரர்களின் உயிர் அதில் போயிருக்கிறது. அதை லேசாக எண்ணுகிறவன் நான் அல்லேன். ஆனால் அந்த வழக்கில் குழல் அடுக்கிய அம்மாள் எந்தக் கட்சி? ஆயிரம் ஆண்டு வியாபாரத்தையும் கோயிலையும் ஒரு பக்கம் வைத்து, அறுபது சொச்சம் ஆண்டுத் துவேஷத்தை மறுபக்கம் வைத்தால், ஆதியிலிருந்து இருந்தது எது என்று சொல்ல வேண்டுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். விருந்தினனுக்குக் காட்டுவதையே உனக்குக் காட்டினார்கள். அங்கேயும் வெடித்துச் சாகிறார்கள். அங்கே வாய் திறந்து பேசவும் முடியாது என்பார்கள். ஆம், சாகிறார்கள். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வான்சாய் வட்டாரத்து ஃபாங்லின் கிராமத்தில் பள்ளிக்கூடம் வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள், வெடிக்குத் திரி பொருத்தும் வேலையில் பிள்ளைகளை உட்கார்த்தியிருந்தார்கள் என்று பெற்றவர்கள் கதறினார்கள். 2019 டிசம்பரில் லியூயாங்கிலேயே ஒரு விபத்தில் 13 பேர் இறந்தார்கள். இறந்தவர் எண்ணிக்கையை முதலில் உள்ளூர் அதிகாரிகள் குறைத்துச் சொன்னார்கள். இதையெல்லாம் மறைத்து அந்தத் தேசத்தைச் சுவர்க்கமென்று வருணிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் செய்தியைப் படிக்கிற சிவகாசிக்காரனுக்கு, தன் ஊர்ப் பிள்ளைகளின் பொருட்டு எம்.சி.மேத்தா தொடுத்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு நினைவுக்கு வராதா? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்களும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களும் போன நாட்களில் நாம் அழுத அழுகை நினைவுக்கு வராதா? துக்கத்தில் அவர்கள் நமக்குப் பங்காளிகள். பங்காளி தன் வீட்டில் தீப்பிடித்த பிறகு என்ன மாற்றினான் என்று கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.

அவர்கள் மாற்றியது ஒன்றை மட்டும் சொல்கிறேன்; நான் அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களில் மதிப்புமிக்கது அதுதான். ஹூனானில் கோடை உக்கிரமடையும் வாரங்களில் வெடித் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. வெப்பம் ஏற ஏற மருந்தின் குணம் முரடாகிறது, வேலை செய்கிறவனின் கையும் தளர்ந்து தவறுகிறது என்பதனால், அந்த நாட்களைத் தொழிலுக்கு ஆகாத காலமாக அரசே விதித்திருக்கிறது. வெயிலைத் தெய்வமாக எண்ணும் நாமோ, அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் அடியில் உச்சி வேளையிலும் மணிமருந்து கலக்கிறோம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதி சுவரில் எழுதியிருக்க, உள்குத்தகை எடுத்தவன் அவசரத்துக்கு மரத்தடியிலும் ஆட்களை உட்கார்த்துகிறான். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டிப் பட்டாசு ஆலை எரிந்ததும் கோடையிலேயே. நம் தொழிலுக்கு வரம் என்று நாம் கொண்டாடிய வெயிலையே அந்த மழை தேசத்தார் தொழிலின் சத்துரு என்று கண்டுகொண்டார்கள். காய்வதற்கு வேண்டிய சூட்டை அறைக்குள் அடக்கி வைத்தவர்களுக்கே, வானத்துச் சூட்டுக்கு அஞ்ச வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. சீனாக்காரனிடம் கற்க ஒன்றுமில்லை என்ற வாக்கியத்துக்கு நாம் கொடுத்துவரும் விலை இதுதான். அந்த விலையை முதலாளியோ சங்கத் தலைவரோ கொடுப்பதில்லை. காலையில் தூக்குவாளியோடு பஸ் ஏறிப் போகிற பெண்களே கொடுக்கிறார்கள்.

நம்மைப் பற்றியும் உலகம் இதேபோல் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறது என்பதைச் சிவகாசி எப்படி மறந்தது? டெல்லியில் ஓர் அறையில் அமர்ந்து, பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, சிவகாசி என்றால் குழந்தைகளைக் கொன்று லாபம் சேர்க்கும் ஊர், புகையைத் தவிர வேறெதையும் செய்யாத ஊர் என்று தீர்ப்பளிப்பவர்களைக் கண்டு நாம் நோகிறோம். இங்கே வந்து பார், எங்கள் பள்ளிக்கூடங்களைப் பார், காலண்டரும் பாடப்புத்தகமும் அச்சாகும் எங்கள் ஆலைகளைப் பார் என்று மன்றாடுகிறோம். வந்து பார்த்தவர்கள் அநேகமாக வேறு மனிதர்களாகவே திரும்புகிறார்கள். என் அச்சகத்து வாசலிலேயே அதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியத்தையும் தடுத்தபோது, ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்க, நம்மைப் புரிந்துகொள்வார் இல்லையே என்று மருகினோம். 1993-இலேயே பெய்ஜிங் தன் நகரத்துக்குள் வெடியைத் தடைசெய்தது என்பதும், சொந்தத் தேசத்துத் தலைநகரமே கைவிட்ட அந்த அதிர்ச்சியை லியூயாங் நமக்கு இருபத்தைந்து ஆண்டு முன்பே பட்டுத் தெளிந்தது என்பதும் நமக்குத் தெரிந்திருந்தால், அன்று யாரிடம் போய் யோசனை கேட்பது என்றும் தெரிந்திருக்கும். பாராமல் பழிப்பது நமக்கு இழைக்கப்படும்போது அநீதியாயிருப்பது, நாம் இழைக்கும்போது மட்டும் தேசபக்தி ஆகிவிடாது.

ஊர் திரும்பிய மறு வாரமும் வெயில் தணியவில்லை. ஒரு காரியமாகப் போர்மேன் வேலை செய்யும் ஆலைக்குப் போயிருந்தேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மருந்து அறை பூட்டியிருந்தது. அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். மருந்து கலக்கும் ஆட்கள் இருவரும் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய முதலாளி, பூட்டிய கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். போர்மேன் கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வெயில் எறங்கட்டும் மொதலாளி. நாளையிலருந்து விடியக் காலம் கலந்துக்கலாம்" என்றார். முதலாளி சற்று நின்றார். பிறகு அவரும் நிழலுக்குள் வந்து, ஒரு டம்ளர் மோர் கேட்டார்.